எழும்பூரிலிருந்து அடையாறுக்கு

எழும்பூர் ரயில் நிலையம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறு கோட்டை இருந்தது. 1789-ல் அதற்குள் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதி ஒன்று திறக்கப்பட்டது. கம்பெனிப் படையின் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பிறந்து, தகப்பன் செத்தோ கைவிட்டோ தனித்து நின்ற சிறுவர்கள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பலரின் தாய்மார் இந்தியப் பெண்கள். பள்ளியை மேற்பார்த்தவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். பிள்ளைகளுக்கு அரிச்சுவடியைப் புகட்டுவதற்கே அங்கிருந்த ஆசிரியர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலை பெல் குதிரையில் போகும்போது வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடம் கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் விடுதிக்குத் திரும்பி, இனி எழுத்தை இப்படித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். கீழ்வகுப்பு ஆசிரியர் மசியவில்லை. பெல் அவரோடு மல்லுக்கு நிற்காமல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதது அவனால் ஆயிற்று. கல்வி வரலாற்றில் ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்ற ஏற்பாடு இப்படித்தான் பிறந்தது.

பெல் கண்டெடுத்த பொருள் ஒரு பிடி மணல், ஒரு விரல், இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்து. அந்த எழுத்து சென்னையை விட்டுப் புறப்பட்டு லண்டன் போனது. அது போன பிறகு வேறொரு பாதையில், வேறொரு உருவில், அதே கருத்து ரோமில் பிறந்து சென்னைக்கு வந்து சேர்ந்தது. இந்த இரண்டு பாதைகளுக்கும் நேரடி உறவு இருந்ததாக நான் சொல்லவில்லை. குழந்தையின் மனம் எப்படிக் கற்கிறது என்ற ஒரே கேள்விக்கு இரண்டும் ஒரே விடையைத் தொட்டன. விடை ஏன் சரியானது என்று உளவியல் விளக்கியது மிகவும் பிந்தித்தான்.

பெல் பார்த்தது அன்றைக்கே பழைய வழக்கம். 1623 நவம்பரில், கர்நாடகத்தின் இக்கேரியில், பியத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்களைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பாடத்தின் ஒரு துண்டை ராகமாகச் சொல்லியபடியே அந்த எண்ணைத் தரையில் பரப்பிய நுண்மணலில் விரலால் எழுதுவான். மற்ற மூவரும் அதையே சேர்ந்து சொல்லி, சேர்ந்து எழுதுவார்கள். தரை நிறைந்ததும் அழித்துவிட்டு, தேவைப்பட்டால் பக்கத்துக் குவியலிலிருந்து புதுமணலைத் தூவிக்கொள்வார்கள். வாத்தியார் அங்கே இல்லை. சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள் என்றார் பயணி. நாங்கள் நான்கு பேருக்குமே தெரியாத சந்தேகம் எப்படி வரும் என்ற பொருளில் பதில் வந்ததாம்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் இதே நடைமுறைதான். முதலில் காதால் கேட்க வேண்டும், பிறகு வாயால் சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டே மணலில் எழுத வேண்டும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை பார்த்துத் திருத்துவான். மணலில் கை படிந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்ற கணக்குப் பாடங்கள் எல்லாம் இந்த வழியாகவே உள்ளே போயின. அந்தத் திண்ணைகளைப் பொற்காலமாக வரைய எனக்கு மனம் இல்லை. பல சாதிப் பிள்ளைகள் அங்கே ஏற முடியாது. பெண் பிள்ளைகள் அரிது. பிரம்படி அன்றாடம். ஆனால் மணலில் எழுதச் சொன்ன அந்த ஒரு பழக்கத்துக்குள் கற்றலைப் பற்றிய ஆழமான அறிவு இருந்தது. அதற்கான காரணம் வாத்தியாருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அழிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதிய எழுத்து அங்கேயே நிற்கும். குழந்தை அடுத்த வரியை எழுதும்போது மேல் வரியைப் பார்த்துக் காப்பியடிக்கலாம். மணலில் எழுதியது கையால் ஒரு தள்ளு தள்ளினால் போயிற்று. அடுத்த முறை எழுத வேண்டுமென்றால் மனத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நினைவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் நினைவு வலுப்படுகிறது என்பது இன்றைய உளவியலின் மிக உறுதியான கண்டுபிடிப்புகளில் ஒன்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பப் படித்த கல்லூரி மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். திரும்பப் படிக்காமல், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். படித்தவர்கள் கல்லூரி மாணவர்கள், பாடம் உரைநடை. அரிச்சுவடிக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாதுதான். இருந்தாலும் மணல் அழிவதால் குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சட்டாம்பிள்ளைக்கும் விளக்கம் உண்டு. பிறருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு படிப்பவர், தேர்வுக்காகப் படிப்பவரைவிட நன்றாகக் கற்கிறார் என்று பார்க், ஷூல் ஆகியோரின் 1980-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. சொல்லிக்கொடுப்பவன் பாடத்தைத் தன் மனத்தில் அடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஃபிரிஸ்கனும் அன்று தன் வகுப்பிலேயே அதிகம் கற்றவனாக இருந்திருப்பான் என்று நம்பலாம்.

பெல் 1796-ல் சென்னையை விட்டுப் புறப்பட்டார். அடுத்த ஆண்டே எழும்பூர் விடுதியில் செய்த சோதனையைப் பற்றி லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1798-ல் ஆல்ட்கேட்டில் ஒரு தர்மப் பள்ளி அந்த முறையை ஏற்றது. அதே ஆண்டில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியிருந்த ஜோசஃப் லங்காஸ்டர் என்ற இளைஞர், பெல்லின் நூலிலிருந்து மணல் எழுத்தை எடுத்துக்கொண்டார். ஓரம் வைத்த மேசைக்குக் கறுப்பு வண்ணம் பூசி, மேலே வெள்ளை மணலைப் பரப்பினார். விரல் ஓடிய இடம் கறுப்பாகத் தெரிந்தது. தாளும் மையும் விலை கூடிய காலத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் முதல் எழுத்தை இப்படித்தான் எழுதினார்கள். 1811-ல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த தேசியச் சங்கம் பெல்லின் முறையைப் பரப்பவே உருவானது. லங்காஸ்டரின் முறை நியூயார்க்குக்குப் போனது. தென்னமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாரின் அழைப்பில் லங்காஸ்டரே காரகாஸ் வரை போனார். இந்த முறையை முதலில் கண்டது யார் என்று இருவரின் ஆதரவாளர்களும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார்கள். பெல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மதராஸ் காலேஜ்’ என்றே பெயர். சண்டையில் சென்னைத் தெருவோரப் பிள்ளைகளின் பெயரை யாரும் இழுக்கவில்லை.

லண்டனில் மணல் பிழைத்தது, ஆனால் மெலிந்தது. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே ஆசிரியர், வரிசைக்கு ஒரு மானிட்டர். கட்டளைக்கு ஓர் எழுத்து, கட்டளைக்கு ஓர் அழிப்பு. தவறு செய்த பிள்ளையின் கழுத்தில் கட்டையை மாட்டுவதும், கூடையில் ஏற்றி உத்தரத்தில் தொங்கவிடுவதும் லங்காஸ்டர் வகுத்த தண்டனைகள். இக்கேரிச் சிறுவர்கள் நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுத் தெளிந்தார்கள். லண்டன் கூடத்தில் மானிட்டர் மேலிருந்து வந்த ஆணையைக் கடத்தினான், அவ்வளவுதான். எழுத்தின் வடிவம் மலிவாகவும் விரைவாகவும் பரவியது, பொருளை உணர்ந்து படிக்கும் கல்வி பரவவில்லை. 1840-களில் இங்கிலாந்து இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை அமர்த்தத் தொடங்கியது. மணல் மேசையின் இடத்தைச் சிலேட்டு பிடித்துக்கொண்டது.

இங்கேயும் சிலேட்டும் தாளும் வந்தன. திண்ணை போனது, அதோடு மணலும் போனது. இன்று பெரும்பாலான வீடுகளில் விஜயதசமி அன்று தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைப்பதோடு விரலின் வேலை முடிந்துவிடுகிறது. பல மாதம் நடந்த பயிற்சி ஒரு நாள் சடங்காகச் சுருங்கியது. மறுநாள் கையில் பென்சில்.

இன்னொரு பாதை பாரிஸில் தொடங்குகிறது. 1800-ல் பிரான்சின் தென்பகுதிக் காட்டுப்புறத்தில் பேச்சறியாத ஒரு சிறுவன் பிடிபட்டான். விக்டர் என்று பெயரிடப்பட்ட அவனுக்குப் பாரிஸில் மருத்துவர் இத்தார் வெட்டிய எழுத்துகளைக் கொண்டு கற்றுத்தர முயன்றார். அவனுக்குப் பால் என்றால் உயிர். பாலுக்கான பிரெஞ்சுச் சொல்லின் நான்கு எழுத்துகளை அடுக்கக் கற்ற சில நாளில், வழக்கமாகப் பால் தரும் வீட்டுக்குப் புறப்படும்போது அந்த நான்கையும் தானாகவே பையில் போட்டுக்கொண்டு போய், அங்கே மேசையில் அடுக்கிக் காட்டினான். விக்டர் கடைசிவரை பேசவில்லை. ஆனால் புலன் வழியாக அறிவைத் தட்டி எழுப்பலாம் என்ற நம்பிக்கையை இத்தாரின் சீடர் செகான் பற்றிக்கொண்டார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்று ஒரு முழுப் பயிற்சி முறையை உருவாக்கி 1846-ல் நூலாக எழுதினார். ரோமில் மருத்துவம் படித்த மரியா மாண்டிசோரி இந்த இருவரின் நூல்களையும் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதிப் படித்தார்.

1900 வாக்கில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான ஒரு பள்ளியை நடத்தியபோது, தொட்டுணர்வதற்காக மரத்தில் அழகான எழுத்துகளைச் செய்வித்தார் மாண்டிசோரி. உயிரெழுத்துக்குச் சிவப்பு, மெய்க்கு நீலம். விலை கூடியதால் ஒரே ஒரு தொகுதி. 1907 ஜனவரி 6-ல் ரோமின் ஏழைப் பகுதியான சான் லொரென்ஸோவில் தொழிலாளர் குடியிருப்புக் குழந்தைகளுக்காகத் தன் முதல் இல்லத்தைத் திறந்தபோது அப்படிச் செய்யப் பணம் இல்லை. வேறு வழியில்லாமல் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டினார்கள். எழுத்தின் மேல் விரல் போனால் சொரசொரப்பு, விலகினால் வழுக்கல். தப்பை வாத்தியார் சொல்ல வேண்டியதில்லை, விரல் நுனியே சொல்லிவிடும். கையில் பணம் இருந்திருந்தால் அந்தப் பழைய ஆடம்பர எழுத்துகளிலேயே காலமெல்லாம் தங்கியிருப்பேன் என்று மாண்டிசோரியே பின்னாளில் எழுதினார். எழும்பூரிலும் ரோமிலும் வறுமைதான் நல்ல கருவியைத் தந்தது.

சில மாதம் பிள்ளைகள் எழுத்தைத் தடவினார்கள், ஒலியைச் சொன்னார்கள். தனியாக, உலோக வடிவங்களைச் சுற்றிக் கோடு இழுத்துப் பென்சில் பிடிக்கப் பழகினார்கள். இன்னும் தனியாக, தாளில் வெட்டிய எழுத்துகளை அடுக்கிச் சொல் கட்டினார்கள். எழுது என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் மொட்டை மாடியில் ஐந்து வயதுப் பையனிடம் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார் மாண்டிசோரி. வரைந்து முடித்தவன் திடீரென எழுத வருகிறது என்று கூவி, தரையில் ‘கை’ என்ற சொல்லை எழுதினான். பிறகு புகைபோக்கி, பிறகு கூரை. மற்றவர்களும் சுண்ணாம்புக்கட்டிக்கு ஓடிவந்தார்கள்.

அற்புதம் நிகழ்ந்ததாக உலகப் பத்திரிகைகள் எழுதின. இதில் அற்புதம் இல்லை என்பதுதான் இதன் பெருமை. எழுதத் தொடங்கும் குழந்தையின் தலைக்குள் ஒரே நேரத்தில் எத்தனை வேலை! ஒலியை நினைக்க வேண்டும், அதற்குரிய வடிவத்தைத் தேட வேண்டும், எங்கே தொடங்கி எப்பக்கம் வளைவது என்று முடிவு செய்ய வேண்டும், பென்சிலை நழுவாமல் பிடிக்க வேண்டும், கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தக்கூடிய பாரத்துக்கு அளவு உண்டு, சிறு குழந்தைக்கு அந்த அளவு இன்னும் சிறியது. பாரம் மிஞ்சினால் முதலில் கைவிடப்படுவது கற்றல்தான். மாண்டிசோரி பாரத்தைப் பிரித்தார். விரலுக்கு ஒரு நாள், பென்சிலுக்கு ஒரு நாள், சொல்லுக்கு ஒரு நாள். ஒவ்வொன்றும் தன்னால் ஓடத் தொடங்கிய பிறகு மூன்றும் சேர்ந்தபோது குழந்தைக்குத் தலையில் பாரமே தெரியவில்லை.

இதை எதிர்த்தவர்களும் உளவியலைக் கொண்டே எதிர்த்தார்கள். 1914-ல் அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக், புலனைப் பொதுவாகத் தீட்டினால் அறிவு முழுவதும் கூர்மையாகும் என்பது காலாவதியான உளவியல் என்று எழுதினார். அவருடைய நூலுக்குப் பிறகு அமெரிக்காவில் மாண்டிசோரியின் அலை தணிந்தது. கில்பாட்ரிக் சொன்னதில் பாதி உண்மை. உப்புத்தாளைத் தடவிய குழந்தைக்கு எல்லாவற்றிலும் புத்தி கூர்மையாகிவிடாது. ஆனால் அந்த எழுத்து தெரியவரும், அதற்குத்தானே தடவியது!

பிரான்சில் ஃபுளோரான்ஸ் பாராவும் எதுவார் ஜென்தாஸும் சகாக்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத மழலை வகுப்புக் குழந்தைகளுக்கு இரண்டு விதமாகப் பயிற்சி தரப்பட்டது. எழுத்தைப் பார்த்தும் ஒலியைக் கேட்டும் பழகியவர்களைவிட, அவற்றோடு எழுத்தை விரலால் தொட்டும் பழகியவர்கள் முன்பின் கேட்டிராத பொய்ச்சொற்களை நன்றாக எழுத்துக்கூட்டினார்கள். கண் ஓர் எழுத்தை ஒரே வீச்சில் முழுதாகப் பார்க்கிறது, காது ஒலியை வரிசையாகக் கேட்கிறது. விரலும் வரிசையாகவே நகர்கிறது. அதனால் கண்ணையும் காதையும் விரல் இணைத்துவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

2012-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் எங்கெல்ஹார்டுடன் செய்த ஆய்வு நம் பள்ளிகளுக்கு இன்னும் நெருக்கமானது. எழுத்தறியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைத் தாமாகவே எழுதினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் கோடிட்டார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையை ஸ்கேன் செய்தார்கள். பிற்காலத்தில் வாசிப்புக்கு உதவும் மூளைப் பகுதிகள், தாமாக எழுதிய எழுத்துகளுக்கே தெளிவாக விழித்தன. தட்டியதற்கும் இல்லை, கோடிட்டதற்கும் இல்லை. கோணலும் மாணலுமாகக் குழந்தை தானே எழுதும்போது ஒவ்வொரு ‘அ’வும் கொஞ்சம் வேறாக வருகிறது. அத்தனை வேற்றுமைக்குள்ளும் எது ‘அ’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. புள்ளிவைத்த எழுத்தின் மேல் பென்சிலை ஓட்டும் பயிற்சிப் புத்தகங்களை மழலை வகுப்புகளில் அடுக்கும் பள்ளிகள் இந்த ஒரு முடிவையாவது படித்துப் பார்க்க வேண்டும். உப்புத்தாள் எழுத்து வழியைக் காட்டும், மணல் தானாக நடக்கவைக்கும். இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

முசோலினியோடு முறிந்த பிறகு 1934-ல் இத்தாலியில் மாண்டிசோரியின் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயின், ஹாலந்து என்று அலைந்தவரை அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்தார்கள். 1939 நவம்பரில் மகன் மரியோவுடன் சென்னை வந்து சேர்ந்தார். ஓலைக் கொட்டகையில் சுமார் 300 பேருக்கு ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. பெல்லின் எழும்பூர் விடுதி திறந்து சரியாக 150 ஆண்டு. 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மரியோவை அகமத்நகரில் காவலில் வைத்தது, தாயை அடையாற்றோடு நிறுத்தியது. தாயின் எழுபதாவது பிறந்த நாளில் மகனை விடுவித்தது. பிறகு கொடைக்கானலிலும், 1944-ல் இலங்கையிலும் பாடம் நடந்தது. அவருடைய ‘உள்வாங்கும் மனம்’ பற்றிய புகழ்பெற்ற நூல் 1949-ல் முதலில் அச்சேறியது அடையாற்றில்தான்.

உப்புத்தாளில் தமிழ் எழுத்தும் ஏறியது. நம் எழுத்துக்கு விரல் இன்னும் பொருந்துகிறது. ‘ண’வையும் ‘ன’வையும் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிக்கச் சொன்னால் குழந்தை தடுமாறும். மூணு சுழி, ரெண்டு சுழி என்று நம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் காலங்காலமாகச் சொல்வது விரல் சுற்றும் கணக்கைத்தான். ட, ப, ம என்று எளிய கோடுகளிலிருந்து தொடங்கி வளைவுகளுக்கு ஏறும் ஆசிரியர்களும் அதே அறிவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எனக்கு ஆற்றாமை ஒன்றில்தான். சேரிக் குழந்தைகளுக்காகப் பிறந்த முறை இங்கே பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்தவர்களின் முறையானது. ‘மாண்டிசோரி’ என்று பலகை மாட்டிவிட்டு மூன்றரை வயதுக் குழந்தைக்கு நான்கு கோடு நோட்டில் வீட்டுப்பாடம் தரும் பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மாண்டிசோரியின் பெயரை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். மறுபக்கம், 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அட்டைகளைத் தழுவி வந்தது. குழந்தையின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றித் தாழ்வான கரும்பலகை அடித்து, யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம் என்று வைத்தார்கள். திண்ணை மணலுக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த நேர்மையான வாரிசு அந்தக் கரும்பலகைதான் என்பது என் கணிப்பு. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரிக்கிறது. நல்ல ஏற்பாடு. பயிற்சி நூலின் பக்கத்தை நிரப்புவதே நோக்கமாகிவிட்டால் அதுவும் லங்காஸ்டரின் கூடமாகிவிடும்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும், ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும், எல்.கே.ஜி. குழந்தையின் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இது. பென்சிலைக் கொஞ்ச காலம் தள்ளிவையுங்கள். ஓரம் உயர்ந்த ஒரு தட்டில் சலித்த மணலைப் பரப்புங்கள், ரவையானாலும் சரி. ஒரு நாளைக்கு ஓரிரண்டு எழுத்து போதும். ஒலியைச் சொல்லச் சொல்லுங்கள், விரலால் எழுதவிடுங்கள், அழித்துவிட்டுப் பார்க்காமல் மறுபடி எழுதச் சொல்லுங்கள். கோணலாக வந்தால் கையைப் பிடித்துத் திருத்தாதீர்கள். எழுதத் தெரிந்த குழந்தையைத் தெரியாத குழந்தையின் பக்கத்தில் உட்காரவையுங்கள்.